வடக்கெல்லைக்காரி

எங்கள் அப்பா தம் வாழ்நாளில் கடலில் கால் நனைத்தது மூன்றே முறை. மூன்றும் திருச்செந்தூரில், மூன்றும் அம்மாவின் நேர்த்திக்கடனுக்காக. மூன்று முறையும் தண்ணீர் முழங்காலைத் தாண்டியதும் கரைக்கு வந்துவிட்டார். ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்த உடம்புக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற பிறகு, கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில், கண்ணால் பார்க்காத ஒரு கடற்கரையில் நிலம் வாங்கினார். அதற்காகத் தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுக்கு மிச்சமிருந்த கடைசி வயலை விற்றார். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இந்த இடம்வரை நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். இதற்குமேல் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். தாலுகா ஆபீஸ் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் ‘ஆர்.ஐ. சார்’. மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல் அவர் பத்திரம் படிப்பார். தெரிந்தவர்கள் யார் நிலம் வாங்கினாலும் விற்றாலும், மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டபடியே வாசிப்பார். காப்பி ஆறிப்போகும். நில விஷயத்தில் என்னை ஒருத்தனும் ஏமாற்ற முடியாது என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. உண்மையிலேயே அவர் ஏமாறவில்லை. ஏமாந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பூர்வீகம் பத்தமடைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம். ஒரு காலத்தில் நிறைய நஞ்சை வைத்திருந்த சைவக் குடும்பம். பங்கு பிரித்து, வழக்காடி, படிக்கவைத்து, கல்யாணம் செய்துகொடுத்து எல்லாம் கரைந்து, அப்பாவின் கைக்கு வந்தபோது கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரே ஒரு வயல் இருந்தது. இரண்டு போகம் விளையும். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தோம். வரும் நெல்லை அம்மா அவித்து மொட்டைமாடியில் காயப்போடுவாள். பஸ் புகை படிகிறது என்று மேலே பழைய வேட்டியை விரித்து மூடுவாள். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பக்கத்துத் தெருவில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான், எங்களுக்கு அந்த வயல் போதும். அப்பாவுக்குத்தான் போதவில்லை. சம்பளக்காரனாக இருந்த வருடங்களை அவர் ஓர் இறக்கமாகவே நினைத்தார். சாவதற்குள் பழையபடி நிலக்காரர் என்று பெயர் எடுத்துவிடவேண்டும் என்று அவருக்கு ஒரு தவிப்பு.

அது தொண்ணூறுகளின் நடுவில். அந்தக் கரையில் சண்டையை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். இனிமேல் சமாதானம்தான் என்று எல்லோரும் நம்பிய சில மாதங்கள். அப்போதுதான் அந்தத் தரகர் வந்தார். அவருடைய தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். கலவரத்தில் கடை எரிந்து குடும்பம் ஊர் திரும்பியிருந்தது. இவர் மட்டும் போக்கும் வரத்துமாக இருந்தார். எந்த ஊர், யார் வகை என்று அப்பா விசாரித்ததில், பத்தாவது நிமிடம் எங்கேயோ சுற்றி ஒரு கொள்வினை கொடுப்பினை உறவு வந்து நின்றது. அதன்பிறகு அவர் அப்பாவை அத்தான் என்றார், அப்பா அவரை மாப்பிள்ளை என்றார். முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்ட ஆளிடம் எங்கள் ஆட்கள் அதற்குமேல் துருவிக் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு.

தரகர் பையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்து வைத்தார். வெள்ளை மணல், நாலைந்து தென்னை, பின்னால் கடல். படத்தில் ஒரு மனிதர் கிடையாது.

“ஆளே கிடையாது அத்தான். மணலு சீனி மாதிரி கெடக்கு. சமாதானம் ஆச்சுன்னா வெள்ளைக்காரன் வந்து எறங்குவான், ஓட்டல் கட்ட எடம் தேடுவான். அன்னைக்கு நாம சொல்லுததுதான் வெல.”

அப்பா அந்தப் படத்தை வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கரையின் சட்டம் அத்தனையும் விரல்நுனியில் வைத்திருந்தவர், அந்தக் கரையில் வெளிநாட்டுக்காரன் நிலம் வாங்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. அதெல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

அம்மா எதையும் நேருக்கு நேர் எதிர்க்கிறவள் இல்லை. தரகர் போனபிறகு, காப்பித் தம்ளரை எடுக்க வந்தவள் படத்தைக் குனிந்து பார்த்தாள்.

“வயல வித்துட்டு மணல வாங்குதிய, சரி. இவ்வளவு நல்ல எடத்துல ஏன் ஒரு ஆளும் இல்லன்னு கேட்டியளா?”

“அது சண்ட நடந்த எடம்லா” என்றார் அப்பா.

அவர் சொன்னது சரியான பதில்தான். அதைச் சொன்ன வாய்க்கும் கேட்ட எங்கள் காதுக்கும் அது பதிலாகவே படவில்லை. அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்ஸ்டிடியூட்டுக்குக் கிளம்பினேன். அடுத்த மாதம் வயல் விற்பனையானது.

அந்தக் கரைப் பத்திரத்தின் நகல் வந்த அன்று அப்பா சின்னப் பிள்ளை மாதிரி இருந்தார். அங்கே பத்திரத்துக்கு ‘உறுதி’ என்றும் நிலத்துக்குக் ‘காணி’ என்றும் எழுதியிருந்தது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். விற்கிறவர் ஒரு விசைப்படகுக்காரர். அவர் அந்தக் காணியை நாலைந்து வருடங்களுக்கு முன் ஒரு மீனவரிடமிருந்து கிரயம் வாங்கியிருக்கிறார். நான்கு எல்லைகள் வரிசையாக இருந்தன. கிழக்கே கடல், தெற்கே கோயில் காணி, மேற்கே தெரு. வடக்கே, அதே மீனவரின் மிச்சக் காணி. அப்பா அந்தக் கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார். எல்லைக்காரர் ஒருவராவது ஆளாக இருக்கிறாரே என்று அவருக்குத் திருப்தி.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் நஞ்சை வாங்குகிறவர் பத்திரம் பதிவதற்கு முன் நான்கு எல்லைக்காரர் வீட்டுக்கும் போவார். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம் கொண்டுபோய் வைத்து, இன்ன வயலை வாங்கப்போகிறேன், உங்களுக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லையே என்று கேட்பார். நஞ்சையில் தண்ணீர் பக்கத்து வயல் வழியாகத்தான் வரும். பக்கத்துக்காரன் மனசு கோணினால் மடை அடைபடும், அதனால் வந்த வழக்கம். அப்பா அதை வழக்கமாக இல்லாமல் சட்டமாகவே வைத்திருந்தார். எல்லைக்காரன் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எந்த நிலத்துக்கும் முன்பணத்துக்கு மேல் கொடுக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தனக்கு மட்டும் விட்டுவிடுவாரா? மடையும் இல்லாத வாய்க்காலும் இல்லாத கடற்கரை மணலுக்கு எல்லைக்காரன் சம்மதம் தேடிப் புறப்பட்டார்.

அங்கே அப்படியெல்லாம் யாரும் கேட்பதில்லை என்று தரகர் முதலில் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்படி ஒரு கடுதாசி கையில இருந்தா நல்லதுதான் அத்தான்” என்றார். எதற்கு நல்லது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எல்லைக்காரரைக் கண்டுபிடிப்பது அப்பாவுக்குக் கஷ்டமே இல்லை. இங்கே வந்த அகதிகளின் முகாம்கள் வருவாய்த் துறையின் பொறுப்பில் இருந்தன. அப்பாவே வேலையின் கடைசி வருடங்களில் முகாமில் தலை எண்ணப் போனவர்தான். பதிவேட்டில் சொந்த ஊர் என்று ஒரு கட்டம் உண்டு. பழைய சிநேகிதர் ஒருவர் பார்த்துச் சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் சில குடும்பம் திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள். அந்த மீனவர் போன வருடம் காய்ச்சலில் இறந்துபோனார். மனைவி இருக்கிறாள்.

பெண்பிள்ளை மட்டும் இருக்கிற இடம், நீயும் வா என்று அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். திசையன்விளையில் இறங்கி வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினார். அங்கிருந்து வேறு பஸ். செம்மண், பனை, வெயில். பஸ்ஸுக்குள்ளேயே புழுதி படிந்து என் வெள்ளைத் தாவணி சிவந்துவிட்டது. முகாம் வாசலில் அப்பாவுக்குத் தெரிந்த தலையாரி காத்திருந்தார். ஆர்.ஐ. சார் என்று கும்பிட்டு முன்னால் நடந்தார்.

வரிசை வரிசையாகச் சின்ன அறைகள், மேலே தார் பூசிய அட்டைக் கூரை. நிற்கிற நமக்கே தலை காந்தியது. தலையாரி ஓர் அறை வாசலில் நின்று அதன் எண்ணைச் சொல்லிச் சத்தம் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணக்கெடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள். பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள் வந்து தலை எண்ணுவதற்கு வாகாக வரிசையில் நின்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே அட்டை வேண்டாம் என்று கைகாட்டினார். நாங்கள் யார் என்று மட்டும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு பெஞ்சைத் துடைத்துப் போட்டுவிட்டு, கடைசிவரை அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். அது ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

வெற்றிலை பாக்கையும் பழத்தையும் அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். அப்பா வந்த காரியத்தைச் சொல்லி, பத்திர நகலை எடுத்து, எல்லைகளை நிறுத்தி வாசித்தார். அவள் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்பா மறுபடி வாசித்தார்.

“வடக்கால எங்கட காணி, அது சரி ஐயா. நீங்கள் இப்ப வாசிச்சதும் எங்கட காணிதான். வீடு அதிலதான் இருக்கு.”

“பத்திரத்துல வெறுங்காணின்னுல்லா போட்டிருக்கு” என்றார் அப்பா.

“அப்பிடியோ” என்றாள் அவள்.

பிறகு அவளாகவே சொன்னாள். அழாமல், ஏற்கெனவே பல அதிகாரிகளிடம் சொல்லிப் பழகியவள்போல் சொன்னாள். சண்டை ஊரை நெருங்கியபோது எல்லோரும் கரைக்கு ஓடியிருக்கிறார்கள். படகுக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று நகை கேட்டிருக்கிறார். இவர்களிடம் நகை இல்லை. காணியில் பாதியை எழுதிக்கொடு, நாலு பேருக்கு இடம் தருகிறேன் என்றாராம். கரையில் நின்ற படகின் பக்கப்பலகையில் தாளை வைத்து அவள் புருஷன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் அவர்கள் ஐந்து பேர். புருஷன், இவள், இரண்டு பெண்கள், பத்தொன்பது வயதில் ஒரு மகன். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், அடுத்த படகில் வருகிறேன் என்று மகன் கரையில் நின்றுவிட்டான். அதன்பிறகு தகவல் இல்லை. கடிதம் போட்டால் போய்ச் சேருகிறதா என்றும் தெரியவில்லை.

“அவன் அங்கதான் இருப்பான் ஐயா. அவனுக்கு வேற இடம் தெரியாது.”

அப்பா பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். என் அப்பாவைப் பற்றி நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நகலோடு சேர்ந்து வந்திருந்த, மீனவர் படகுக்காரருக்கு எழுதிக்கொடுத்த மூலப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை அவள் முன்னால் நீட்டினார்.

“இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்துதானாம்மா? பாத்துச் சொல்லுங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். எழுத்தின் மேல் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

“ஓம். அவற்ற கையெழுத்துத்தான்.”

அவ்வளவுதான். அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. கையெழுத்து உண்மை, எனவே கிரயம் உண்மை, எனவே நிலம் சுத்தம். முப்பது வருட உத்தியோகம் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. என் பக்கம் திரும்பி, “எழுது” என்றார். அவர் சொல்லச் சொல்ல, வெள்ளைத் தாளில் நான் எழுதினேன். மேற்படி காணியை என் கணவர் கிரயம் செய்துகொடுத்தது உண்மை. அதில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை. யாதொரு ஆட்சேபணையும் இல்லை. வாரிசுகள் என்ற இடத்தில் என் பேனா நின்றது. அப்பா அந்த வார்த்தையை இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். எழுதினேன்.

கையெழுத்துப் போடாவிட்டால் உதவிப்பணத்தை நிறுத்துவீர்களா என்று அவள் கேட்டாள். நாங்கள் அதற்கு வரவில்லை என்றார் அப்பா. நிறுத்த மாட்டோம் என்றோ, நிறுத்த எங்களுக்கு அதிகாரமே இல்லை என்றோ சொல்லவில்லை.

அவள் தாளை வாங்கி முழுவதும் வாசித்தாள். வாசிக்கத் தெரிந்தவள். நான் எதிர்பார்க்கவில்லை.

“இருக்கிற இடம் எங்கட ஊர் எண்டு போட்டிருக்கு. நாங்கள் இங்கயல்லோ இருக்கிறம்.”

முகாம் என்று போட்டால் அங்கே ஆபீஸில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று அப்பா விளக்கினார். அவள் விடவில்லை. அடியில் ஒரு வரியாவது முகாமின் பெயரையும் அறை எண்ணையும் எழுதச் சொன்னாள். இந்தத் தாள் அங்கே போகும்தானே, மகன் கண்ணில் பட்டால் நாங்கள் இருக்கிற இடம் அவனுக்குத் தெரியுமே என்றாள்.

“அத நாங்களே நேர்ல போய்ச் சொல்லிருதோம்மா. கடுதாசில வேண்டாம்” என்றார் அப்பா.

தாளின் அடியில் இடம் இருந்தது. ஒரு வரி என்ன, நாலு வரிக்கு இருந்தது. என் கையில் பேனா திறந்திருந்தது. எழுதியிருந்தால் அப்பா அந்த இடத்தில் என்னைத் திட்டியிருக்கக்கூட மாட்டார், தலையாரி இருந்தாரே. நான் பேனாவை மூடினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா உற்சாகமாக இருந்தார். நல்ல பொம்பளை, எல்லைக்காரர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தரகர் அந்தக் கடிதத்தையும் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய், இரண்டு மாதத்தில் முத்திரை குத்திய உறுதியோடு திரும்பி வந்தார். காணி அப்பாவின் பெயரில். அவளுடைய மகனைப் பார்த்தாரா, சேதி சொன்னாரா என்று நான் கேட்டேன். அங்கே யாரும் இல்லை, முள்கம்பி போட்டாயிற்று என்றார். அப்பா கிராஃப் தாள் வாங்கிவந்து வீடு வரைய ஆரம்பித்தார். கடலைப் பார்த்த முன்வாசல், நாலு அறை, வெள்ளைக்காரர்களுக்குத் தனிக் குளியலறை. இது நமக்கில்லை, ஓட்டல்காரன் வந்தால் காட்டுவதற்கு என்பார். ஆனால் ஓர் அறையில் ‘பூஜை’ என்று எழுதியிருந்தார்.

அந்த வரைபடம் முடிவதற்குள் அங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. தரகர் சில மாதம் வந்துபோனார். பிறகு வரவில்லை. வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்பா ரேடியோவும் கையுமாக இருந்தார். அவர்கள் சொல்லும் ஊர்ப் பெயர்களில் தம்முடைய காணி இருக்கும் ஊர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அம்மா கடையில் அரிசி வாங்கினாள். வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

முகாமிலிருந்து தபால் கார்டு வந்தது. தலையாரியிடம் விலாசம் வாங்கியிருக்கிறாள். ஐயா அவர்கள் எங்கள் ஊருக்குப் போனீர்களா, என் மகனைக் கண்டீர்களா என்று இரண்டே வரி. இன்னும் போகவில்லை என்று எழுது என்றார் அப்பா. எழுதினேன். ஆறு மாதம் கழித்து அதே இரண்டு வரி. அதே பதில். மூன்றாவது கார்டு வந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பதில் போகவில்லை.

அந்த நிலம் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தின் பெயரில்தான் இருக்கிறது, அதாவது காகிதத்தில். அந்தக் காகிதம் அங்கே செல்லுமா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கப் பயம். செல்லாது என்றால் ஒன்றுக்கும் ஆகாத காரியத்துக்கு இவ்வளவும் நடந்தது என்றாகும். செல்லும் என்றால் அது எனக்கு வந்துசேரும்.

பிறகு ஒருநாள், தொண்ணூறுகளின் கடைசியில், காலை பத்து மணிவாக்கில் அவளே வீட்டுக்கு வந்தாள். முகாமில் அனுமதி வாங்கிக்கொண்டு, பஸ் மாறி, விலாசம் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நாற்காலி போட்டும் அவள் உட்காராமல், கதவோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவள் யார் என்று நான் அம்மாவின் காதில் சொன்னேன்.

அவள் ஊர்க்காரர் ஒருவர் புதிதாகப் படகில் வந்திருக்கிறாராம். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். மகன் உயிரோடு அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறான், சண்டை நின்றிருந்த அந்த மாதங்கள்வரை. முள்கம்பி போட ஆட்கள் வந்திருக்கிறார்கள். உறுதியைக் காட்டினார்களாம். அவன் நகரவில்லை. இது எங்கள் காணி, அப்பாவும் அம்மாவும் வருவார்கள், வந்த பிறகு பேசுங்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டானாம். போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தபோது அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார்கள்.

“என்ர கையெழுத்தைக் கண்டிட்டு அவன் ஒண்டும் கதைக்கேல்லையாம். அம்மா எங்க எண்டு மட்டும் கேட்டவனாம். அவங்களுக்கும் தெரியேல்லை. கடிதத்தில எங்கட ஊர் எண்டுதானே கிடந்தது.”

ஒரு பையை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்து போனானாம். போனதைத்தான் அந்த ஊர்க்காரர் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வீட்டை அன்றைக்கே இடித்துவிட்டார்கள்.

“அவங்க செஞ்சதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? சட்டப்படி...” என்று அப்பா தொடங்கினார்.

“நீங்க பேசாம இரிங்க” என்றாள் அம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா அவரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் சண்டை போட வரவில்லை. காணியைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தை யாரிடம் கொடுத்தோம் என்று மட்டும் கேட்டாள். அந்த ஆளைக் கண்டால், மகன் எந்தப் பக்கம் போனான், என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று கேட்கலாமே என்றாள். தரகரின் பழைய விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அங்கே அவர் இல்லை என்று தெரிந்தே கொடுத்தேன். வேறு எதைக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா இலை போட்டாள். அவள் மறுக்காமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து, நான் கொடுத்த துண்டுத் தாளைப் பிரித்து, ஒருமுறை வாசித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அண்டைக்கு அந்தக் கடிதம் எழுதினதும் நீங்கள்தானே பிள்ளை. வடிவான எழுத்து. என்ர மகனுக்கு வாசிக்கக் கஷ்டமா இருந்திராது.”

மாலைக் கணக்கெடுப்புக்குள் முகாமுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று எழுந்தாள். பஸ் ஏற்றிவிட்டு வா என்று அம்மா என்னிடம் சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டுப் பின்வாசலுக்குப் போய், காலுக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். நான் வாசலுக்கு வந்தபோது அவள் தெருமுனை திரும்பிவிட்டிருந்தாள்.